தை மாசத்துக் காற்று

தை மாசம் மிளகு பறிப்பு. அந்த மாசம் எங்கள் மலையில் இலை அசைகிற அளவுக்குத்தான் காற்று இருக்குமுங்க. அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் மாரமங்கலத்தில் பஸ் ஏறி இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். எழுத்தாளர் அருள்சாமி ஏணியிலிருந்து விழுந்து செத்ததற்குக் காற்றுதான் காரணம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது சரியில்லை.

அவர் பிறந்தது எங்கள் எஸ்டேட் குமாஸ்தா ஊட்டில். அவர் உயிரோடு இருக்கும்போதே அதை நினைவில்லம் ஆக்கிவிட்டார்கள். நான் பெரியண்ணன், அங்கே கூட்டிப் பெருக்குகிறவன். அவர் பேனாவும் சிலேட்டும் கண்ணாடிக்குள் இருக்கும். கூடத்துச் சுவரோரம் கணுவில் கால் வைத்து ஏறுகிற ஒத்தை மூங்கில் ஏணி ஒன்றைப் படுக்கவைத்து, 'எழுத்தாளர் சிறுவயதில் மிளகு பறித்த ஏணி' என்று அட்டை ஒட்டியிருந்தார்கள். குமாஸ்தா மகன் மிளகை ரசத்தில்தான் பார்த்திருப்பான். ஏணி எங்கப்பனுடையது.

அதில் ஏறுவதற்கு ஒரு முறை உண்டு. கீழே ஒருத்தர் அடியை மிதித்துக்கொண்டு நிற்பார். மேலே போனவன் ஏணி நுனியை மரத்தோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டு, "கட்டியாச்சு" என்று குரல் கொடுக்கணும். அப்புறம்தான் கீழே இருப்பவர் காலை எடுப்பார். எனக்குப் பன்னிரண்டு வயசில், நான் கட்டுவதற்கு முன்னால், எங்கப்பன் பீடி பற்றவைக்க நகர்ந்துவிட்டார். என் இடது கால் கோணினது அப்படித்தான்.

இதை அருள்சாமி தனக்கு நடந்ததாக நாவலில் எழுதினார். காற்று ஏணியைத் தள்ளியதாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டி வருகிற டீச்சர்கள் அந்தப் பக்கத்தை வாசித்துக் கண்ணைத் துடைப்பார்கள். நான் விளக்குமாற்றோடு நொண்டிக்கொண்டு குறுக்கே போனால், "தாத்தா, தள்ளிக்குங்க, போட்டோவுல விழுறீங்க" என்பார்கள். எனக்கு வருத்தமில்லை. எழுதுகிறவன் திருடத்தான் செய்வான். வேலை தெரியாமல் திருடினதுதான் கேவலம்.

போன வாரம் அவரே வந்தார். பட்டுச் சால்வை, செண்டு வாசனை, பின்னால் நாலு பேர்.

"ஏனுங்க பெரியவரே, காலுக்கு என்னாச்சு?"

"காத்து தள்ளிருச்சுங்க."

"பாத்து நடக்கோணும்" என்று சிரித்துவிட்டு நகர்ந்தார். அந்தாள் பேர் வாங்கினதே இந்தக் காலை வைத்துத்தான்.

நினைவில்லத்துப் பொறுப்பாளர் ராஜேஸ்வரி அம்மாவுக்கு அவர் ஏணியில் நிற்கிற படம் வேண்டுமாம். "உங்களால முடியுங்களா சார்?"

"என்ன கண்ணு இப்படிக் கேட்டுட்ட? கை மறக்குமா?"

வாசல் சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தினேன். கயிற்றையும் கொடுத்தேன். அதை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு ஏறினார். பதினெட்டு அடி இருக்கும். எல்லார் கண்ணும் மேலே. நான் அடியை மிதித்துக்கொண்டு காத்திருந்தேன். நொம்ப நேரம் காத்திருந்தேனுங்க, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சொல். மிளகு பறித்த எவனுக்கும் தூக்கத்தில்கூட வரும்.

"மூஞ்சி தெரியுதா?" என்றுதான் மேலேயிருந்து கேட்டார்.

காலை எடுத்தேன். ஏணி நின்றது. எங்கப்பன் வெட்டின மூங்கில், அவ்வளவு சீக்கிரம் நகராது. கோணல் காலாலேயே அடியைத் தட்டிவிட்டேன்.

"நாவல்ல இருக்கிற மாதிரியே காத்து தள்ளிருச்சே" என்று முதலில் அழுதது ராஜேஸ்வரி அம்மாதான். நேற்று அட்டையையும் மாற்றிவிட்டார்: 'காற்றில் சரிந்து எழுத்தாளரைப் பலிகொண்ட ஏணி.' மறுபடியும் காற்று. பேரும் புகழும் எனக்கெதுக்குங்க? நடந்தது நடந்தபடி இருக்கணும், அவ்வளவுதான்.

விலங்கு மாட்டுவதற்கு முன்னால் ஒன்று மட்டும். அந்த அட்டையைத் திருத்தச் சொல்லுங்கள். பெரியண்ணன், அங்கப்பன் மகன். எழுத்து பெரிசாக இருக்கட்டும், வாசலில் நின்று பார்த்தாலே தெரிகிற மாதிரி.