கறுப்பு ஒயர் முதலில்

— விளக்கைப் போடாதீங்க அத்தை. உங்க பையன் எழுந்துடுவார்.

— பகல்லயே இருட்டா கிடக்கிற கார் ஷெட்ல விளக்குப் போட்டா மாடிக்கா தெரியப்போகுது? ஆமா, பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு என்ன பண்றே?

— ஒண்ணுமில்லை. துணி காயப்போட வந்தேன்.

— கார் மேலயா?

— உங்க கால்ல விழறேன் அத்தை. உள்ளே போயிடுங்க. என்னைப் பார்க்கவே இல்லைன்னு சொல்லிடுங்க.

— கூடையில ஈரத்துணிக்கு அடியில என்ன வச்சிருக்கே? காலையில நீ தூக்க முடியாம தூக்கிட்டு வந்தப்பவே நினைச்சேன். துணி எங்கேயாவது இந்தக் கனம் கனக்குமா?

— பேட்டரி.

— புதுசா?

— புதுசு. இதுல இருக்கறது செத்துப்போனது. நான் அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன் இல்லை, அதுக்கு மறுநாளே உங்க பையன் நல்ல பேட்டரியைக் கழட்டி எங்கேயோ ஒளிச்சுட்டார். ஒண்ணுத்துக்கும் ஆகாததை இதுல வச்சுட்டு, வண்டி ரிப்பேர்னு எனக்குக் கதை சொல்றார்.

— அவன் கட்டிலுக்கு அடியில இருக்கு. பெருக்கும்போது பார்த்தேன்.

— பார்த்தீங்களா? பார்த்துட்டும் வாயைத் திறக்கலையே நீங்க. இப்போ போய் அவரை எழுப்பப் போறீங்களா?

— நான் அப்படிச் சொன்னேனா?

— நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து இப்போதான் படுத்தார். எழுந்து இதைப் பார்த்தா என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியும். போன வாரம் எங்க ரூம்ல நடந்தது உங்களுக்குக் கேட்கலையா?

— கேட்டுச்சு.

— கேட்டுச்சு. அதான் டிவி சத்தத்தைக் கூட்டினீங்க.

— அதை அப்புறம் பேசலாம். இப்போ எதுக்கு இந்தப் பதட்டம்? ஸ்பேனர் நட்டுல நிக்க மாட்டேங்குது பாரு.

— பயமா இருக்கு அத்தை. பாப்பாவுக்கு ஸ்கூல் விடறதுக்குள்ள நான் இங்கேருந்து போயாகணும். அவளைக் கூட்டிக்கிட்டு அப்படியே போயிடுவேன். இன்னொரு தடவை கேட்டைத் தாண்டினா குழந்தையை நீ ஜென்மத்துக்கும் பார்க்க மாட்டேன்னு சொல்லியிருக்கார். சும்மா சொல்ற ஆள் இல்லை அவர்.

— இல்லைதான். எந்த நட்டைத் திருகறே?

— கறுப்பு ஒயர். அதைத்தான் முதல்ல கழட்டணுமாம், வீடியோவுல சொன்னாங்க. அசையவே மாட்டேங்குது. வெள்ளையா என்னமோ பூத்து இறுகிக் கிடக்கு.

— வெந்நீர் ஊத்தினா இளகும். இரு, கொண்டு வர்றேன்.

— வேண்டாம். நீங்க உள்ளே போக வேண்டாம்.

— இவ்வளவு நேரம் உள்ளே போ, உள்ளே போன்னு சொன்னவ நீதானே?

— அத்தை, சத்தியமா எழுப்ப மாட்டீங்களே?

— சத்தியம் பண்ற நேரமா இது? நட்டை முறுக்கி உடைச்சு வைக்காம சும்மா நில்லு. பதறாத காரியம் சிதறாது. இதோ வந்துடறேன்.

— எழுப்பக் கூடாது, எழுப்பக் கூடாது... கடவுளே... யாரு? யாரது?

— நான்தான். பேயைப் பார்த்த மாதிரி பார்க்காதே.

— ஏன் இவ்வளவு நேரம்? வெந்நீர் எடுக்க இவ்வளவு நேரமா? அந்தப் பையில என்ன?

— பிளாஸ்க்கும் துண்டும். அவன் ரூம் வாசல்ல நின்னு காதை வச்சுக் கேட்டேன், அதான் நேரமாச்சு. குறட்டை விடறான். ம், நகரு, ஊத்தறேன். இப்போ திருகு.

— அசையுது அத்தை.

— கழட்டின ஒயரை அந்தப் பக்கமா மடக்கித் துண்டைச் சுத்து. இல்லைன்னா தானா வந்து ஒட்டிக்கும் சனியன். அடுத்தது சிவப்பு. அப்புறம் பேட்டரியைப் பிடிச்சிருக்கிற பட்டை.

— மாடியில சத்தம் கேட்டுச்சா?

— இல்லை.

— கேட்டுச்சு. கட்டில் சத்தம்.

— புரண்டு படுத்திருப்பான். அந்தப் பக்கம் நீ பிடி, இந்தப் பக்கம் நான் பிடிக்கிறேன். தூக்கு. மெதுவா கீழே வை. சரி, புதுசை எடு.

— உட்கார்ந்துடுச்சு. அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துடுச்சு. இந்தச் சிவப்பை இங்கே...

— நில்லு.

— ஐயோ, அடிக்காதீங்க!

— அடிக்க வரலைம்மா. உன் கையைத்தான் பிடிச்சேன். முகத்தை மறைக்காதே. இங்கே பாரு, என்னைப் பாரு. நான் அடிக்கலை.

— யாராவது சட்டுனு கையைப் பிடிச்சா எனக்கு...

— தெரியும் கண்ணு. எனக்கும் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. இப்போ கண்ணைத் துடைச்சுட்டுப் பாரு. சிவப்பை வைக்கப் போனியே, அந்த இடத்துல என்ன குறி போட்டிருக்கு?

— மைனஸ். அப்போ பிளஸ் அந்தப் பக்கமா? போச்சு. கடையில கேட்டாங்க அத்தை, பிளஸ் எந்தப் பக்கம் வேணும்னு. தெரிஞ்சவங்க யாராவது பார்த்துடுவாங்களோன்னு வாசலையே பார்த்துக்கிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மாத்தி வாங்கிட்டேன். எல்லாம் போச்சு.

— ஒண்ணும் போகலை. பேட்டரியைத் தூக்கித் திருப்பி வை.

— திருப்பினா ஒயர் எட்டாது.

— பின்னால கிளிப் போட்டு ஒயரை இழுத்துக் கட்டியிருக்கான் பாரு, அதை விடுவி. ஒரு சாண் கிடைக்கும். இழு. எட்டுதா?

— எட்டுது. மட்டுமட்டா எட்டுது.

— சிவப்பை மாட்டி இறுக்கு. கறுப்பை இன்னும் தொடாதே. கறுப்பு பட்டதும் திருடன் வந்துட்டான்னு இந்த வண்டி ஹார்ன் அடிச்சு ஊரைக் கூட்டும். அந்தச் சின்னப் பெட்டி மூடியைத் திற. உள்பக்கம் ஹார்ன் படம் இருக்கா?

— இருக்கு.

— அந்த இடத்துல இருக்கிற ஃபியூஸைப் பிடுங்கி என் கையில கொடு.

— இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?

— யார் சொல்வாங்க? உன் மாமனாரும் பேட்டரியைக் கழட்டி வச்ச மனுஷன்தான். அப்பனைப் போல பிள்ளை. ஒரு நாள் அவர் குளிக்கப் போனப்போ எடுத்து மாட்டினேன். வண்டியும் கிளம்பிடுச்சு. கேட் வரைக்கும் போயிட்டேன்.

— அப்புறம்?

— மடியில உட்கார்ந்திருந்த பையன் ஹார்னை அமுக்கிட்டான். அப்பா, நாங்க ஊருக்குப் போறோம், நீயும் வான்னு கூப்பிட்டான். குழந்தைக்கு என்ன தெரியும்? சந்தோஷத்துல கூப்பிட்டான். அன்னிக்கு உள்ளே வந்தவதான்.

— அந்தப் பையன்... இவரா?

— வேற யாரு? கறுப்பை மாட்டு. பட்டையைப் போடு. இன்னும் இறுக்கு.

— போதும் அத்தை, நேரமாகுது.

— ஒயர் ஆடினா பாதி வழியில நிப்பே. இறுக்கு. ம். பானெட்டைத் தூக்கிப் போடாதே, கையை வச்சு அமுக்கு. கேட்டை நான் திறந்து வச்சுட்டேன்.

— நீங்க உள்ளே போங்க. நீங்க இங்கே நின்னீங்கன்னு தெரிஞ்சா என் மேல இருக்கிற கோபத்தையும் உங்க மேல காட்டுவார். உங்களை விட்டுட்டுப் போறதை நினைச்சாலே எனக்கு...

— சாவியைத் திருப்பு.

— ஸ்டார்ட் ஆகலைன்னா?

— ஆகும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. திருப்பு.

— ஆயிடுச்சு. அத்தை, ஆயிடுச்சு.

— அம்மா! யாரு வண்டியை எடுக்கிறது?

— எழுந்துட்டார். ஜன்னல்ல நிக்கிறார். அத்தை, என்னைப் பார்த்துட்டார்.

— அம்மா, அவளை விடாதே! கேட்டை மூடு! நான் வர்றேன்!

— வர்றாராம். இறங்கி வர்றார். அத்தை, கியர் விழ மாட்டேங்குது.

— கிளட்சை நல்லா மிதிச்சுப் போடு. விழும். பின் கதவு பூட்டை எடு.

— எதுக்கு? அந்தப் பையை ஏன் உள்ளே வைக்கிறீங்க?

— என் துணிமணி இருக்கு. நீ படியைப் பார்க்காதே, ரோட்டைப் பாரு. வெந்நீர் எடுக்கப் போனேன் இல்லை, அப்பவே அவன் ரூமை வெளியே தாழ் போட்டுட்டேன். பழைய தாழ், ரொம்ப நேரம் தாங்காது. கிளம்பு கண்ணு.