பெட்டிசத்தில் சொன்ன மோட்டார் சைக்கிள்

இல்ல சார்ஜன், அது பிழை. இருபது கட்டில்ல, முப்பது கட்டுத் துண்டுப்பிரசுரம் கொள்ளும் இந்தப் பெட்டி. தேயிலைப் பெட்டிய அறுத்து ரெண்டு பக்கமும் தொங்க விட்டிரிக்கன், தொறந்து பாருங்க. பேர் போடாம மொட்டைப் பெட்டிசம் எழுதினவன் குறைச்சு எழுதிப்போட்டான் எண்டா அதுக்கு நான் என்ன செய்யிற? நீங்க கண்ணால கண்டத எழுதுங்க. முப்பது.

ஜோசப்பின்! சார்ஜன் வல்லிபுரம் ஐயா வந்திரிக்கார், தேத்தண்ணி ஊத்து! சீனி இல்லாட்டி சக்கரைக் கட்டியக் குடு. இருங்க ஐயா, அந்த வாங்குல இருங்க. என்ன சொன்னீங்க? இந்த மோட்டச்சைக்கிள்ல ஒண்டும் இல்லயெண்டா மாசக் கடைசியோட எண்ட பைல மூடுறதா? ஒங்கட ஸ்டேசன் பெரியவர் சொல்லிட்டாரா? பதினொரு வருசத்துப் பைல் ஐயா அது! அறுவத்திரெண்டுல, அரிசி மில் வேலைநிறுத்தத்துல, நீங்களே எனக்குப் பின்னால சைக்கிள் உழக்கி வந்து தொறந்த பைல். அத மூடுற எண்டா என்ன, சோத்துப் பானையா?

அப்ப வடிவாப் பாருங்க. யுத்தத்துல ஓடி வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன சாமான் இது. ஏகாதிபத்தியத்தின் வாகனத்தை ஏகாதிபத்தியத்துக்கே எதிராகத் திருப்பியுள்ளார், அப்பிடி எழுதுங்க. நான் சொல்லச் சொல்ல எழுதினாலும் சரி. ஆறு மாசமா இந்தத் தன்னாமுனை வளவுக்குள்ளதான் கழட்டிப் பூட்டின. கைபிடி தண்ணிக் குழாய். பறங்கி ஹரல்ட், பட்டறைக்காரன், அவன்தான் வளைச்சுத் தந்த. பின் மட்காட் பிஸ்கட் தகரம். புதுச் சாமான் எங்கால வாற, இறக்குமதியத்தான் அடைச்சுப்போட்டாங்களே.

நிறமா? அதக் கேக்காதீங்க. சிவப்பு வாங்கப் போன. பாறூக்குட கடையில பச்சை இரிக்கு, நீலம் இரிக்கு, சிவப்பு இல்ல. சிவப்புக் கொடிக்காரர் மந்திரியா இரிக்கக்க நாட்டுல சிவப்புப் பெயின்ற் இல்ல! அதயும் எழுதுவீங்களா? மாட்டீங்க. ஹரல்ட் செங்கட்டித் தூள எண்ணெயில கொழைச்சு அடிச்சான். காஞ்சாப்பிறகு பாத்தா சாமிமார்ர காவி. ரெண்டு பேர் மறிச்சு, ஐயா கதிர்காமம் போறீங்களா எண்டு கேட்டுட்டாங்க. வேதக்காரனா ஞானஸ்நானம் எடுத்து, கட்சிக்காரனா வளந்த என்னப் பாத்து!

இரகசியப் பயணத்துக்கு ஏன் இவ்வளவு சத்தம் எண்டா கேக்கிறீங்க? நல்ல கேள்வி. இவ்வளவு சத்தத்துல போறவன ஆரும் இரகசிய வேலைக்குப் போறான் எண்டு நினைப்பானா? அதுதான் தந்திரம். சைலன்சரக் கழட்டி எறிஞ்சுட்டன். இங்க உதைச்சா டவுண்ல ஒங்கட ஸ்டேசன்ல கேக்கும். கேக்கல்லயா? ஒரு நாளும் கேக்கல்லயா? போன கிழமை ஸ்டேசனுக்கு முன்னால நாலு தரம் சுத்தின நானே!

ஒங்களுக்கெல்லாம் என்ன வந்த எண்டு எனக்கு விளங்கல்ல. எழுபத்தொண்டுல, கிளர்ச்சி எண்டு மீசை முளைக்காத பொடியன்மாரையெல்லாம் ட்ரக்குல ஏத்தினீங்க. நான் சாரம், துவாய், பல்லுத்தூள் எல்லாத்தையும் கட்டி வாசல்ல வச்சிக்கிட்டு ஒம்பது நாள் குந்தியிருந்த. நம்மட றோட்டால ஜீப் போகுது, வருகுது, நிக்குதில்ல. பத்தாம் நாள் ஜோசப்பின் அந்தத் துவாய எடுத்து அடுப்புத் துடைச்சுப்போட்டாள்.

கட்சியா? கட்சி மொஸ்கோ, பீக்கிங் எண்டு ரெண்டாப் பிளந்த. மறுகா நம்மட பக்கம் ரெண்டாப் பிளந்த. மறுகா அதுவும். இப்ப எங்கட பிரிவுக்குள்ள ஒரு கருத்து வேறுபாடும் இல்ல. ஓம், நான் ஒருத்தன்தான்.

அதெல்லாம் கிடக்கட்டும், அந்தப் பெட்டிசத்துட ரெண்டாம் பக்கத்தையும் வாசிங்க. அங்கதான் ஞாயித்துக்கிழமை வெல்லாவெளிக் கூட்டத்தப்பத்திக் கிடக்கு. ரெண்டாம் பக்கம் இரிக்கிறது எனக்கு எப்பிடித் தெரியுமா? அது... ஒரு பக்கத்துல அடங்கிற ஆளா நான்?

என்னத்துக்கு ஐயா சிரிக்கிறீங்க?

ம். நிற்க எண்டு போட்டு, நாட்டு நலன் கருதி அறியத் தருவது யாதெனில் எண்டுதான் ஒம்பது பெட்டிசமும் தொடங்குதா? எண்ட பிரசுரமும் அப்பிடித்தான் தொடங்குதா? அதயெல்லாம் வாசிச்சீங்களா நீங்க? முழுக்க வாசிச்சீங்களா?

சரி. நான்தான் எழுதின. ஒம்பதும் நான்தான். வேற ஆரு எழுதுற? இந்த மாவட்டத்துல ஏகாதிபத்தியம் எண்டத எழுத்துப் பிழை இல்லாம எழுத வேற ஆள் ஆரு இரிக்கான்? என்னத் தூக்கி உள்ள போட வேணும் எண்டு நாலு வருசமா எழுதிறன், ஒருத்தனும் அசைஞ்ச இல்ல.

ஒங்கட பெரியவருக்குச் சொல்லாதீங்க. எழும்பாதீங்க ஐயா, இந்தப் பின் சீற்றுல ஒருக்கா இருந்து பாருங்க. அடியில லொறி சீற்றுட ஸ்பிரிங், மேல தேங்காத் தும்பு. ஜோசப்பின் பூசைக்கு ஏத்திப் போகச் சொன்னாள், கட்சிச் சொத்து எண்டு சொல்லிட்டன். பின்னால இரிக்கிறவர் கால் வைக்கிற கம்பியும் ரெண்டங்குலம் இறக்கியிரிக்கு, முட்டுக்கால் மடங்காம இரிக்கிறதுக்கு. ஓம், ஒங்கட முட்டுக்கால்தான். இனி ஒங்களால சைக்கிள்ல என்னத் துரத்த ஏலாதே. மண்டூர்க் கூட்டத்துக்கு நீங்க மூச்சு வாங்கி வந்து சேரக்க நான் பேசி முடிச்சு, மறுகாத் தொடக்கத்துல இருந்து பேசின.

ஞாயித்துக்கிழமை வெள்ளன வாறன். பாதைத் தெப்பத்துல ஏத்தி வாவிக்கு அங்கால போவம். ரெண்டு பேரையும் மோட்டச்சைக்கிளையும் அந்த மிதவை தாங்கும், விசாரிச்சுட்டன். நீங்க ஒங்கட குறிப்புக் கொப்பிய மட்டும் கொண்டு வாங்க. பைல மூடாதீங்க.

போன மாசம் ஏறாவூர்ச் சந்தியில நான் இடையில பேச்ச நிப்பாட்டின, ஞாபகமா? தொண்டை அடைச்சதால ஐந்து நிமிசம் நிறுத்தினார் எண்டு எழுதியிரிக்கிறீங்களாம். தொண்டை இல்ல ஐயா. நீங்க வெத்திலை வாங்கப் போன. வாறமட்டும் பாத்துக்கிட்டு நிண்ட நான். வேற ஆருக்குப் பேசுற?