சனிக்கிழமை மிட்டாய்

வெண்டெலா: அஞ்சு குரோனர் காசு குடு, இந்த மிட்டாய்ப் பை உனக்கு. எழுந்து வந்து எடுத்துக்க.

ஈவார்: வாரம் முழுக்கக் காத்திருந்து வாங்கின சனிக்கிழமை மிட்டாய்... முழுப் பை, வெறும் அஞ்சா? சந்தையில அம்மா நாறிப்போன பாலாடைக்கட்டியைக்கூட இப்படித் தள்ளிவிட மாட்டாங்களே!

வெண்டெலா: சரி, மூணு.

ஈவார்: கேக்காமலே விலையைக் குறைக்கிறவ எதையோ மறைக்கிறாடி.

வெண்டெலா: அலுத்துப்போச்சு. அவ்வளவுதான்.

ஈவார்: பன்னெண்டு வயசுல மிட்டாய் அலுத்துப்போச்சா? தங்கச்சி, இதுக்காக என் கையைக் கடிச்சவ நீ.

வெண்டெலா: அது அப்போ.

ஈவார்: தண்ணி மட்டும் அலுக்கலையோ? குடம் குடமா குடிக்கிற.

வெண்டெலா: சர்க்கரை வியாதிக்காரன் வியாதிக்காரனா இரு. டாக்டர் ஆகாத.

ஈவார்: எனக்கும் தாகத்துலதான் ஆரம்பிச்சுது.

வெண்டெலா: எனக்குத்தான் அது வராம இருக்க முன்னாடியே மருந்து ஏத்திட்டாங்களே... உப்சாலா ஆஸ்பத்திரியில.

ஈவார்: ஏத்தினாங்க. உடம்புக்குக் காவல் இருக்க வேண்டியதே இன்சுலின் சுரக்குற செல்லையெல்லாம் தின்னுது. வேலியே பயிரை மேயுற கதை. அந்த வேலியைக் கொஞ்ச காலம் கட்டிப்போடத்தான் மருந்து. காலத்துக்கும் கட்டிடும்னு யார் சத்தியம் பண்ணினா?

வெண்டெலா: அம்மா. சந்தை பூரா சொல்லிட்டாங்க... ‘ஒண்ணு போச்சு, ஒண்ணைக் காப்பாத்திட்டேன்’னு.

ஈவார்: அந்தப் போன ஒண்ணு நான்தான். மேல சொல்லு.

வெண்டெலா: ஐயோ, அப்படி இல்லண்ணா...

ஈவார்: சட்டையைத் தூக்கு.

வெண்டெலா: சீ, போடா!

ஈவார்: வயித்துல ஊசி குத்தின புள்ளி இருக்கும்.

வெண்டெலா: ...எப்படித் தெரியும்?

ஈவார்: என் இன்சுலின் பேனாவுல நான் போட்டதைவிடக் குறைஞ்சது அதிகம்.

வெண்டெலா: அம்மாகிட்ட சொல்லாத! உனக்கு வந்தப்போ அவங்க முகம் இருந்த இருப்பு... இன்னொரு தடவை பார்க்க முடியாது என்னால.

ஈவார்: நானும் அதுக்குப் பயந்துதான் வாயை மூடிக்கிட்டேன்.

வெண்டெலா: தெரிஞ்சுமா சும்மா இருந்த? இரு... ஏன் எழுந்திரிக்கவே மாட்டேங்கற? உன் மூச்சு ஏன் அழுகின ஆப்பிளாட்டம் வாடை அடிக்குது?

ஈவார்: மருந்து சீக்கிரம் தீர்ந்தா அம்மா கேப்பாங்கல்ல? நீ எடுத்த அளவை என் ஊசியில குறைச்சுக்கிட்டே வந்தேன். பெட்டிக் கணக்கு சரியா நின்னுச்சு... நான்தான் நிக்கலை. ஓடு, அம்மாவைக் கூப்பிடு. ஒண்ணு போச்சு, ஒண்ணு பொழைச்சுதுன்னு இனிமே சொல்ல வேணாம்னு சொல்லு... ரெண்டையுமே காப்பாத்துறது இன்னும் பாக்கி.