படுத்திருந்த பாட்டில்

“படுத்துக்கினு இருந்ததை நான்தான் தூக்கி நிக்க வெச்சிட்டேன், அண்ணி.”

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறி உட்கார்ந்ததும் முன்சீட்டில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் இப்படிச் சொன்னாள். யாரையோ என்று பயந்துபோனேன். ஒயின் பாட்டிலையாம். குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா வீட்டில் அவளுக்கு வேலை.

“அப்படி இன்னா ஒயினு?”

“கிரெனாஷ்னு பேராம். நூறு வயசுக் கொடியில காய்ச்ச திராட்சையாம். படுக்க வெச்சாதான் கெடாதுன்னு சொல்லியிருக்காங்க. நேத்து பெருக்கசொல்ல நிக்க வெச்சவ, அப்படியே மறந்துட்டேன். இன்னிக்கி மதியம் விருந்தாளிங்களுக்கு அதைத்தான் தொறக்கறாங்க.”

“கொடிக்கு நூறு வயசு, கெடுக்க உனக்கு ஒரு நாளா? வேற வூடு பாத்துக்க.”

அவள் போன் அடித்தது. “சொல்லுங்கம்மா” என்று எழுந்தே நின்றுவிட்டாள். கேட்டு முடித்ததும் சீட்டில் சாய்ந்தாள்.

“பழைய ஒயினைத் தொறக்கறதுக்கு ஒரு நாள் முன்னாடி நிக்க வெக்கணுமாம், அண்ணி. அப்பதான் கசடு அடியில தங்குமாம். அவங்களே மறந்துட்டாங்களாம். ஊத்துனா பட்டாட்டம் தெளிவா எறங்குச்சாம். தேங்க்ஸ் சொன்னாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“அதுக்குத்தாம்மா நிக்க வெச்சேன்னு சொல்லிட்டேன்.”