மூன்றாவது சுரங்கத்தில் ஷோபா

— "ஷோபாவ அந்தச் சுரங்கத்துலயே விட்டுட்டா வந்த?" அப்படின்னு உன்னக் கேட்டேன். ஒன்பது வயசு எனக்கு. நீ என்ன பதில் சொன்னன்னு ஞாபகம் இருக்கா அண்ணா?

— ஒரே நிமிஷம் ஷோபா. பழைய ஃப்ளாப்பி, இப்பத்தான் படிக்க ஆரம்பிச்சிருக்கு. மேசைய ஆட்டாத.

— காலைலேர்ந்து படிக்குது. இந்நேரம் பி.யூ.சி. பாஸ் பண்ணியிருக்கும்.

— நான் என்னதான் சொன்னேன்?

— ஷோபா லீவுக்குக் கோலார் மாமா வீட்டுக்குப் போயிருக்கான்னு. நானும் நம்பி, மாமா வந்தப்ப, "உங்க வீட்ல இருக்கிற ஷோபா நல்லா இருக்காளா?"ன்னு கேட்டு வெச்சேன். அந்த மனுஷன் என் நெத்தியத் தொட்டுப் பார்த்துட்டு மம்மியக் கூப்பிட்டார்.

— கம்ப்யூட்டர் கேம்ல செத்துப்போன ஒரு பொம்மைக்கு வேற என்னடி சொல்றது?

— பொம்மையா? பேர் வெச்சது நீ. கத்தி, கேடயம்னு அஞ்சு ஆம்பளைங்க. மந்திரம் போடறதுக்கு ஒருத்தி வேணும்னு அவளுக்கு என் பேர வெச்ச. பூதம் வந்ததும் அஞ்சு பேரும் ஓடி வந்துட்டீங்க. அவ மட்டும் மூணாவது சுரங்கத்துல.

— ஓடலன்னா ஆறு பேரும் போயிருப்போம்.

— அன்னிக்கும் இதத்தான் சொன்ன.

— படிச்சிடுச்சு! ஷோபா, இங்க பாரேன், படிச்சிடுச்சு. அப்பா ஆபீஸ்ல கழிச்சு விட்டாங்களே ஒரு டப்பா கம்ப்யூட்டர், அதுல நாம வெச்ச ஆட்டம். அப்படியே இருக்கு.

— கர்த்தரே. அந்தப் பேரெல்லாம் வருது.

— அதுக்குத்தான் எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடை முழுக்க அலைஞ்சேன். இந்த ஆட்டத்தோட ஆறு பாகத்தையும் ஒரே சிடில போட்டு, இப்ப இருக்கிற கம்ப்யூட்டர்ல ஓடற மாதிரி பண்ணி விக்கறாங்க. இதோ, ஓஸ்வால்ட், போர்வீரன், நான்தான். இதோ ஷோபா.

— அவ பேருக்குப் பக்கத்துல "டெட்"னு போட்டிருக்கு.

— பேரு இருக்கில்ல? அதான் விஷயம். இந்த ஆட்டத்துல செத்தவங்க மறைஞ்சு போக மாட்டாங்க. விழுந்த இடத்துலயே கிடப்பாங்க. இன்னொரு கூட்டம் போய்த் தூக்கிட்டு வந்து ஊருக்குள்ள இருக்கிற கோயில்ல சேர்த்தா உயிர் வரும்.

— இத்தன வருஷமா கிடக்கறாளா? தூக்கிட்டு வரலாம்னா அப்பவே ஏன் வரல?

— ஒரு கூட்டத்துக்கு ஆறு இடந்தான். அவளத் தூக்கணும்னா ஒரு இடத்தக் காலியா விட்டு, அஞ்சு பேரா உள்ள போகணும். ஆறு பேருக்கே தாங்காத இடம். அப்புறம் எனக்கு டென்த் வந்துடுச்சு, அப்பா கம்ப்யூட்டரப் பரண்ல ஏத்திட்டார்.

— அப்பாவ இழுக்காத. பாவம், அவர் பரலோகத்துல நிம்மதியா இருக்கட்டும்.

— இப்ப பாரு. அஞ்சு பேரும் கிளம்பியாச்சு. இன்னிக்கு அவளத் தூக்காம எந்திரிக்க மாட்டேன்.

— சரி, அதுக்குள்ள நான் கஞ்சிய எறக்கி வெச்சுட்டு வரேன்.

— ச்சே! சே, சே, சே!

— என்னாச்சு?

— அஞ்சு பேரும் அவுட். இந்தக் கம்ப்யூட்டருக்கு வேகம் ஜாஸ்தி. ஒரு எட்டு வைக்கலாம்னு அமுக்கினா, ஓடிப் போய்ப் பூதத்து மடியில உக்காருது.

— மெதுவா ஓட வெக்க முடியாதா?

— வெச்சுப் பார்த்தேன். மெதுவா வெச்சா ஆளுங்க நடு ரோட்ல மாடு மாதிரி நிக்கறாங்க. வேகமா வெச்சா சாகறாங்க. பணத்தக் கொட்டி வாங்கினேன், எப்படி ஆடறதுன்னு ஒரு புஸ்தகம்கூட உள்ள வெக்கல. எந்தப் பட்டன் எதுக்குன்னே மறந்துபோச்சு.

— விடேன்.

— இரு, இரு. இன்னொரு வாட்டி.

— மம்மியத் திருப்பிப் படுக்க வெக்கணும் அண்ணா. ஒரு கை பிடி. முதுகெல்லாம் செவந்து கிடக்கு.

— ஒரே நிமிஷம்.

— உன் ஒரே நிமிஷத்தையெல்லாம் சேர்த்து வெச்சிருந்தா எனக்கு ஒரு வருஷம் தேறியிருக்கும்.

— எதுக்கு இப்ப சுத்தி வளைக்கிற? கோயமுத்தூர்லேர்ந்து மறுபடி கூப்பிட்டாங்களா?

— கூப்பிட்டாங்க.

— என்ன சொன்னாங்க?

— காது கேக்காத பிள்ளைங்களுக்குச் சொல்லித்தர ஒரு வருஷப் படிப்பு, சீட்டு இன்னும் உனக்குத்தான், வர்றியாம்மான்னு கேட்டாங்க. போன வருஷம் மம்மி கீழ விழுந்து பேச்சு போனப்ப வேண்டாம்னேன். அந்தப் பள்ளிக்கூடத்து சிஸ்டர் விடாம இந்த வருஷத்துக்கு எடுத்து வெச்சிருக்காங்க. அடுத்த வருஷம் முடியாதாம். நாளைக்குப் போன் பண்ணி வரலன்னு சொல்லிடப் போறேன்.

— ஆள் வெச்சுக்கலாமே ஷோபா. ஆபீஸ்ல என்ன அமெரிக்கா அனுப்பறாங்கல்ல, போய்ச் சேர்ந்ததும் நான் மாசாமாசம் பணம் அனுப்பறேன். ரெண்டு வருஷம், பொசுக்குன்னு ஓடிடும்.

— வெச்சோமே, யசோதா அக்காவ. தங்கமான பொம்பள. மம்மி வாயத் தொறந்தாங்களா? பல்லக் கடிச்சுக்கிட்டுப் பட்டினி கிடந்தாங்க. நான் ஊட்டணும், இல்ல நீ ஊட்டணும். மூணாவது கைய அவங்க ஏத்துக்கறதில்ல. அது தெரிஞ்சுதான நீயும் பேசற?

— பழகிட்டா ஏத்துப்பாங்க.

— பழகறதுக்குள்ள உயிர் இருக்கணுமே. பங்காரு, தங்கம் மாதிரி பார்த்துக்கறேன், பத்திரமா இருக்காங்க. நீ போ. நான் ஒண்ணும் உன்னத் தடுக்கல. உனக்கும் வயசாகுது, ஆபீஸ்ல இதுக்காக நாயா உழைச்ச. எனக்குத் தெரியாதா?

— அப்புறம் ஏன் கோவம்?

— கோவமெல்லாம் இல்ல.

— பாத்திரத்த வெக்கற சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்குது.

— காலைலேர்ந்து பார்க்கறேன். ஒரு கேம்ல செத்துப்போன பொம்மையத் தூக்கணும்னு முதுகு வளைஞ்சு உக்காந்திருக்க. இந்த வீட்ல ஒருத்தி உயிரோட நடமாடறா. அவ தலை வாரி எத்தன நாளாச்சுன்னு உனக்குத் தெரியுமா? போன மாசம் சர்ச் கொயர்ல பாடக் கூப்பிட்டாங்க, போனேனா? அந்த ஷோபாவுக்கு ஒண்ணும் தெரியாது, இருட்டுல கிடக்கறா. எனக்கு எல்லாம் தெரியுது அண்ணா, அதான் கஷ்டம்.

— ஷோபா.

— என்ன?

— அழாத.

— நான் அழல. வெங்காயம் நறுக்கினேன்.

— கஞ்சிக்கு எதுக்குடி வெங்காயம்?

— உனக்கு நறுக்கினேன். ராத்திரிக்கு உப்புமா.

— சரி, மணியாகுது. சாயங்கால ஆராதனைக்கு நீ போயிட்டு வா. மம்மிய நான் பார்த்துக்கறேன்.

— நீயா? ஒரு கண்ணு பூதத்து மேல, ஒரு கண்ணு மம்மி மேலயா?

— சும்னே, பேசாம போ ஷோபா. தலையச் சீவிக்கிட்டு, அந்த நீலப் புடவையக் கட்டிக்கிட்டுப் போ. முடிஞ்சதும் ஓடி வராத, யார்கிட்டயாவது நின்னு பேசு.

— கஞ்சி ஆறினப்புறம் குடு. தலைகாணிய ஒசத்தி வெச்சுக் குடு, இல்லன்னா புரையேறும். வாயோரம் தொடச்சு விடு, வழிஞ்சு கிடந்தா அவங்க வெக்கப்படுவாங்க.

— தெரியும். போ.

— அண்ணா, கத்திட்டேன். மனசுல வெச்சுக்காத.

— கதவ இழுத்துச் சாத்திட்டுப் போ. காத்து வருது.

— போயிட்டு வரேன்.

— மம்மி, அவ போயிட்டா. கம்ப்யூட்டர அணைச்சுட்டேன். அஞ்சு பேரும் மறுபடியும் செத்தாச்சு, போகட்டும். வாயத் தொற. மெதுவா. அப்படித்தான். சூடா இருக்கா? இல்லையே? இன்னொரு வாய். பாரு, சமத்து. இரு மம்மி, போன் அடிக்குது. என்னோட ஆபீஸ் இளங்கோவன். கரண்டி கையிலயே இருக்கு, எங்கேயும் போகல.

— ஓஸ்வால்ட், எங்கடா போயிட்ட? அமெரிக்கா போற ஆளுங்க பேர இன்னிக்கே அனுப்பணும்ங்கறாரு மேனேஜர். உன் பேரு மொதல்ல இருக்கு. அனுப்பிடட்டுமா?

— என் பேர எடுத்துடு இளங்கோ.

— என்னடா உளர்ற? காலைல கேட்டப்ப சரின்ன.

— காலைல சொன்னது காலைலயே போச்சு. என் இடத்துல நீ போ.

— டேய், எனக்கு வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவன் இல்ல. ஆனா இது மாதிரி மறுபடி வராது. உன் வருஷக்கணக்கான உழைப்பு. யோசிச்சியா?

— யோசிச்சேன். எனக்கு நைட் ஷிஃப்ட் போட்டுக் குடுக்கச் சொல்லு, அது போதும். ராத்திரி மம்மி தூங்கிடுவாங்க, பக்கத்துத் தெருலேர்ந்து சித்தி வந்து படுத்துப்பாங்க. பகல்ல நான் ஊட்டுவேன்.

— உன் தங்கச்சி?

— அவ கோயமுத்தூர் போறா. அவளுக்கே இன்னும் தெரியாது.

— சொன்னா சந்தோஷப்படும்.

— சொன்னா சீட்ட வேண்டாம்னுடுவா. அவளுக்காக நான் நின்னுட்டேன்னு தெரிஞ்சா அங்க ஒரு வாய் சோறு எறங்காது அவளுக்கு. நீ எனக்கு ஒரு உதவி பண்ணு.

— சொல்லு.

— நாளைக்குக் காலைல, அவ கோயமுத்தூருக்குப் பேசறதுக்குள்ள, வீட்டு போனுக்கு அடி. அவதான் எடுப்பா. ஓஸ்வால்ட் வேலை சரியில்ல, அமெரிக்காக்காரங்க அவன வேண்டாம்னு சொல்லிட்டாங்க, இனிமே இங்கதான் கிடப்பான்னு சொல்லு. கொஞ்சம் வருத்தமா சொல்லு, நம்பணும்.