கதிரையை விட்டு எழும்பினால்

— “என்னை விடுங்கள்! எழும்ப விடுங்கள்! இது மன்னரின் கட்டளை!” எண்டு சபாநாயகர் அழுகிறார். ரெண்டு உறுப்பினர் ஆளுக்கொரு கையில பிடிச்சு, அவரைக் கதிரையோட அமத்தி வைச்சிருக்கினம். மற்றவை கெதி கெதியாத் தீர்மானத்தை வாசிக்கினம். இனி உங்கட வரி, இஞ்சாருங்கோ.

— பொறும் மலர். கார் ஓடிக்கொண்டு எப்பிடி உதை வாசிக்கிறீர்?

— வாசிக்கேல்லை. மூண்டு தரம் ரைப் அடிச்சவளுக்கு உங்கட நாடகம் முழுக்கப் பாடம். சொல்லுங்கோ, முதலாம் சார்ள்ஸ் மன்னர் அதைக் கேட்டிட்டு என்ன சொல்லுறார்?

— “பிடித்து அமத்தினார்களா? நான் நியமித்த மனிதனையா? கலைத்தேன் இந்தப் பாராளுமன்றத்தை! பதினொரு ஆண்டுகள் இந்த நாட்டுக்குச் சபையே வேண்டாம்!” எப்பிடி?

— நல்லாத்தான் இருக்கு. வீட்டில கதைக்கிற மாதிரியே இருக்கு.

— பகிடி விடாதையும். சபாநாயகர் எழும்பினால் கூட்டம் முடிஞ்சுது. அது அந்தக் காலத்துச் சட்டம். ஆளைப் பிடிச்சு அமத்திப்போட்டுத் தீர்மானம் வாசிக்கிறது ரவுடித்தனம். கலைவிழாவுக்கு வாற சனத்துக்கு அது விளங்கவேணும். விளங்குதோ?

— அந்தச் சட்டத்தைத்தானே எங்கட ஊர் ஒன்றியத்தின்ர யாப்பிலயும் எழுதி வைச்சிருக்கிறியள். தலைவர் கதிரையை விட்டு எழும்பினால் கூட்டம் முடிஞ்சுது எண்டு.

— ஓம், எழுதினனான். பதினஞ்சு வருசமா நான் தலைவர். ஒன்றியம் உடையாமல் கிடக்கிறது அந்த ஒரு விதியால. ஆராவது கத்தத் தொடங்கினால் நான் எழும்புவன். அவ்வளவுதான்.

— பேர்ணடெற் அக்கா கத்தினவவே? சக்கரக் கதிரையில வாற ஆக்களுக்கு மண்டபத்தில ஒரு சரிவுப் பாதை போடுங்கோ எண்டு கையை உயத்திக் கேட்டவ. அதுக்கும் எழும்பினியள்.

— அது நிகழ்ச்சி நிரலில இல்லாத விசயம்.

— அவ அழுதுகொண்டு போனவ.

— பழசைக் கிளறாதையும். கடிதம் அஞ்சும் எங்க?

— உங்கட மடியில கிடக்கிற ஃபைலுக்குள்ள.

— கண்ணில கற்றராக் வெட்டினதில இருந்து எல்லாம் புகாரா இருக்கு. நீர் பேரை ஒழுங்காச் சொல்லும், நான் பாடமாக்கிக்கொள்ளுறன். போன உடனே முதல் வேலை இதுதான். அஞ்சு பேரையும் ஒன்றியத்தால நீக்கிறன் எண்டு வாசிப்பன், கடிதத்தைக் கையில குடுப்பன், எழும்பிப்போடுவன். அவை தீர்மானம் கொண்டுவர வாய் திறக்கவும் நேரம் இருக்காது.

— சார்ள்ஸ் மன்னரும் அஞ்சு உறுப்பினரைப் பிடிக்கப் பட்டாளத்தோட சபைக்குள்ள போனவர். பிறகு அவருக்கு என்ன நடந்தது எண்டும் ரைப் அடிச்சனான்.

— அவருக்குத் தலை போனது. இது கனடா. எனக்குப் போகாது. பேரைச் சொல்லும்.

— இக்னேசியஸ்.

— ஓம்.

— கனடாவுக்கு வந்த புதுசில, பார்க்டேலில ஒரு அறைக்குள்ள ஏழு பேர் கிடக்கேக்க, தான் நிலத்தில படுத்து உங்களுக்குக் கட்டில் தந்த இக்னேசியஸ்.

— நன்றி வேற, நிர்வாகம் வேற. அடுத்தது.

— பேர்ணடெற் அக்கா. நிதுசன். கஜனி.

— அஞ்சாவது?

— அஞ்சாவதை நீங்களே சொல்லுங்கோ.

— விளையாடாதையும் மலர், சொல்லும்.

— ரைப் அடிச்சதே காணும். வாயால சொல்லமாட்டன்.

— துர்க்கா நவரட்ணம். இந்தா, சொல்லிட்டன். எனக்கென்ன பயமே? பெத்த பிள்ளை எண்டு விட்டால் மற்ற நாலு பேரும் என்னைப் பாத்துச் சிரிப்பினம். அரசன் எண்டால்…

— நீங்கள் அரசன் இல்லையப்பா. விட்பியில வீட்டு வாசலில ஸ்னோ தள்ளிற ஆள். அவள் அப்பிடி என்ன கேட்டவள்? நீங்களே தலைவரா இருங்கோ, அந்த எழும்பிற விதியை மட்டும் எடுத்துவிடுங்கோ எண்டு கேட்டவள். அதுக்கு நூற்றிமுப்பது பேருக்கு முன்னால மகளின்ர பேரை வாசிச்சு வெளியில தள்ளப் போறியள். பேந்து அவள் எங்கட படி மிதிப்பாளே? எனக்கு இருக்கிறது அவள் ஒருத்தி.

— கோவம் ஆறினால் வருவாள்.

— உங்களுக்கு எந்தக் கோவம் இண்டைவரைக்கும் ஆறினது? அவளுக்கு மட்டும் எப்பிடி ஆறும்? உங்கட மகள்தானே.

— சரி, சரி. ஏன் இன்னும் போய்ச் சேரேல்லை? மணி என்ன?

— பத்து இருபத்தைஞ்சு.

— என்ன! பத்து மணிக்கு எல்லே கூட்டம்? மார்க்கம் ரோட் எக்ஸிற் எங்க?

— அது எப்பவோ போட்டுது. பிக்கறிங்கில எக்ஸ்பிரஸ் லேனுக்குள்ள ஏறிட்டன்.

— இருபது வருசமா இந்த ஃபோர் ஓ வண் ஹைவேயில ஓடுறீர்! எக்ஸ்பிரசுக்குள்ள ஏறினால் மண்டபம் இருக்கிற ஸ்காபரோவில இறங்க ஏலாதெண்டு உமக்குத் தெரியாதே? இடையில மாறிற வழியும் இருந்திருக்குமே. உதென்ன சத்தம்? பிளேனே, உவ்வளவு பதிவாப் பறக்குது?

— எயர்போர்ட் கிட்ட வந்திட்டம். அங்கால ரெக்ஸ்டேல்.

— ரெக்ஸ்டேலோ! அது நகரத்தின்ர மற்றக் கரையெல்லே! நீர் வழி தவறி வரேல்லை.

— இல்லை. பாத்துப் பாத்துத்தான் ஒவ்வொரு எக்ஸிற்றையும் விட்டனான். தலைவர் அரை மணித்தியாலத்துக்குள்ள வராட்டில் உபதலைவர் கதிரையில இருக்கலாம். அதுவும் உங்கட யாப்புத்தான். இன்னும் அஞ்சு நிமிசத்தில உபதலைவர் வினோதன் அதில இருப்பார்.

— திருப்பு காரை.

— திருப்பினாலும் இனி அரை மணித்தியால ஓட்டம்.

— நிப்பாட்டடி! நான் இறங்கிறன்!

— முப்பத்திநாலு வருசத்தில இண்டைக்குத்தான் என்னை “அடி” போட்டுக் கூப்பிடுறியள். பரவாயில்லை. கார் நூறில போகுது, பெல்ற்றில கை வைக்காதேங்கோ. இருங்கோ.

— வினோதனுக்குப் போன் அடிக்கிறன். தொடங்கக்கூடாது எண்டு சொல்லுறன்… மணி அடிக்குது… கட் பண்ணிட்டான். பாத்தீரே? திருப்பி அடிக்கிறன்… இந்தா, திரும்பவும் கட் பண்ணிட்டான். என்ர நம்பரைக் கண்டால் முதல் மணியிலேயே “அண்ணை” எண்டுகொண்டு எடுக்கிறவன்!

— வினோதன் தங்கமான பிள்ளை. நான் எல்லாம் கதைச்சு வைச்சிட்டன். கதிரையில இருந்த உடனே துர்க்காவின்ர தீர்மானத்தைத்தான் முதல் எடுக்கிறன் எண்டு வாக்குத் தந்தவர்.

— ஓகோ. வாக்கோ.

…

— பத்தரை தாண்டிட்டுது. ஏசவாவது செய்யுங்கோ.

— என்னத்தை ஏச? கண்ணும் தெரியேல்லை, கைபிடிச்ச பெண்சாதி பட்டப்பகலில கடத்திக்கொண்டு போறாள். வெக்கமாக் கிடக்கு மலர்.

— எனக்குச் சந்தோசமே? எனக்கு அவளும் வேணும், நீங்களும் வேணும். எனக்கு வேற வழி தெரியேல்லை.

— அழாதையும். முன்னுக்குப் பாத்து ஓடும். நான் ஒண்டு சொல்லட்டே? பதினஞ்சு வருசத்துக்கு முதல் நானும் ஒரு வாக்குக் குடுத்தனான். ரெண்டு வருசம் மட்டும்தான் இருப்பன் எண்டு. அண்டைக்கு நான் பொய் சொல்லேல்லை. அந்தக் கதிரையில ஏறி இருந்து பாத்தால்தான் தெரியும். முன்னுக்கு ஒரு கை உயரும், ஆரோ ஏதோ கேக்கப்போகினம் எண்டு விளங்கும். உடனே கால் தன்ரபாட்டில எழும்பும். ஆர் இருந்தாலும் எழும்பும்.

— இப்ப சொல்லுறியள் இதை.

— இப்பத்தானே என்னைக் கதிரையால இறக்கினனீர். போன் அடிக்குது, பாரும்.

— துர்க்கா. ஸ்பீக்கரில போடுறன். பிள்ளை, சொல்லு! தீர்மானம் முடிஞ்சுதே?

— இல்லையம்மா! வேர் ஆர் யூ? வினோதன் அங்கிள் பத்தரைக்குக் கதிரையில இருந்தார், எல்லாரும் கை தட்டினவை. நான் மோஷன் வாசிக்க எழும்பினன். “அது இண்டைக்கு நிகழ்ச்சி நிரலில இல்லைப் பிள்ளை” எண்டு சொல்லுறார்!

— என்ன சொல்லுறாய்? எனக்கு வாக்குத் தந்தவரெல்லே!

— ஐ நோ! இக்னேசியஸ் அங்கிளும் அதைத்தான் கேட்டவர். பேர்ணடெற் அன்ரியும் கை உயத்தினவ. இவர் ஒருத்தரையும் பாக்கிறார் இல்லை, பேப்பர் எல்லாத்தையும் அடுக்கிறார். அம்மா, ஹீ இஸ் கோயிங் டு டூ இற். அப்பா செய்யிற மாதிரியே.

— கடவுளே, நான் என்ன செய்துபோட்டன்.

— துர்க்கா. அப்பா கதைக்கிறன்.

— அப்பா? நீங்கள் அங்கயா?

— அதைப் பிறகு கதைப்பம். வினோதன் எழும்பிட்டானோ?

— இன்னும் இல்லை. ரெண்டு கையையும் மேசையில ஊண்டுறார்.

— இக்னேசியஸ் எங்க நிக்கிறான்?

— மேசைக்குப் பக்கத்திலதான். ஏனப்பா?

— அவனையும் கூட்டிக்கொண்டு ஓடு பிள்ளை, ஆளுக்கொரு கையில பிடியுங்கோ! கதிரையோட அமத்திப் பிடியுங்கோ, தீர்மானம் வாசிச்சு முடியுமட்டும் உவனை எழும்ப விடாதேங்கோ!