டென்ஷன் இல்லாத வேலை

என் பெயர் பூரணி, வயது முப்பத்தாறு, காலஞ்சென்ற நந்தகோபாலின் மனைவி. மாதனூர் அருகே பிள்ளையார் கோயில் தெருவில் மகள் சௌம்யாவுடன் குடியிருக்கிறேன். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். என் கணவர் குடும்பச் சண்டையால் ஏற்பட்ட டென்ஷனில் இறந்தார் என்று பேட்டரி ஷெட் உரிமையாளர் ராமமூர்த்தி எழுதிக் கொடுத்திருப்பதை வட்டாட்சியர் அவர்கள் எனக்குப் படித்துக் காட்டி விசாரித்தார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. காரணத்தை முதலிலிருந்து சொல்கிறேன்.

என் கணவரும் நானும் ஒரே கம்பெனியில் வேலை செய்தோம். அவர் லைன் சூப்பர்வைசர். டார்கெட் வராத நாளில் மேனேஜரிடம் அவர் திட்டு வாங்குவார், அவரிடம் நாங்கள் வாங்குவோம், வீட்டுக்கு வந்ததும் நான் அதை வட்டியோடு திருப்பிக் கொடுப்பேன். எங்களுக்குள் இருந்த சண்டை அவ்வளவுதான். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் நர்ஸ் அவருக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, ஹைப்பர்டென்ஷன் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். கம்பெனி பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் என்னிடம், "ஹைப்பர்னா ஜாஸ்தி. டென்ஷன் ஜாஸ்தியா இருக்குதாம். இதச் சொல்ல ஒரு நர்ஸ் வேணுமா?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள், நானும்தான். எங்கள் பக்கத்தில் டென்ஷன் என்றால் கோபம், கவலை, படபடப்பு. ரத்தக் குழாயைப் பற்றித்தான் நர்ஸ் சொன்னார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. டென்ஷனைக் குறைத்துக்கொண்டால் போதும் என்று அவர் மாத்திரையை விட்டுவிட்டார்.

அதன் பிறகு அவருடைய தம்பி முத்துக்குமார், தான் வேலை செய்யும் ராமமூர்த்தியின் ஷெட்டில் இன்னொரு ஆள் தேவைப்படுவதாகச் சொன்னார். பள்ளிகொண்டாவிலிருந்து அணைக்கட்டு போகும் வழியில் தென்னந்தோப்புக்குள் அந்த ஷெட் இருக்கிறது. பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டியாக வார்க்கிறார்கள். டார்கெட் கிடையாது, கத்துகிற மேனேஜரும் கிடையாது. என் கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "மயில் கத்துது பூரணி. அங்க அது ஒண்ணுதான் சத்தம்" என்றார். அந்த மாதமே கம்பெனியை விட்டு அங்கே சேர்ந்துவிட்டார்.

முதலில் நன்றாகத்தான் இருந்தார். மகளுடன் உட்கார்ந்து சிரித்துப் பேசினார். அதன் பிறகு வயிற்றுவலி வந்தது, தூக்கம் போனது, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். ஒரு நாள் சௌம்யாவின் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. அந்தச் சமயத்தில் ஷெட்டுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் பட்டம்மாளின் ஆடுகள் வேலியோரம் மேய்ந்துவிட்டுப் போய், சுவரில் தலையை முட்டிக்கொண்டே நின்று ஒவ்வொன்றாகச் செத்தன. ராமமூர்த்தி அதை ஆட்டு நோய் என்று சொல்லிவிட்டார். என் கணவர் இதை வேடிக்கையாகத்தான் என்னிடம் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் அவருக்கு டென்ஷன் வரக்கூடாது என்று நாங்கள் சத்தமாகப் பேசுவதையே நிறுத்தினோம். குக்கர் விசில் அடிப்பதற்குள் அடுப்பை அணைப்பேன். என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததைக்கூட மறைத்தேன். அவர் வேலைச் சட்டையை உதறும்போது சாம்பல் நிறத் தூசி கூடம் முழுவதும் படியும். அதைச் சொன்னால் டென்ஷன் ஆவார் என்று நானும் மகளும் பேசாமல் பெருக்கித் தள்ளுவோம்.

பின்பு வயிற்றுவலி தாங்க முடியாமல் போகவே ஆம்பூரில் டாக்டர் ஹஃப்ஸாவிடம் அழைத்துச் சென்றேன். அவர் பிரஷர் பார்த்தார், நம்பாமல் அடுத்த கையிலும் பார்த்தார். பிறகு உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லோரமாக நீலமாக ஒரு கோடு ஓடியிருந்தது. "நீங்க என்ன வேல பாக்குறீங்க?" என்று கேட்டார். "டென்ஷன் இல்லாத வேலதான் மேடம், பேட்டரி உருக்குறேன்" என்றார் என் கணவர். டாக்டர் உடனே ரத்தம் எடுத்து வேலூருக்கு அனுப்பினார். அதில் ஈயம் மிக அதிகமாக இருப்பதாக முடிவு வந்தது. ஹைப்பர்டென்ஷன் என்பது கவலை இல்லை, ரத்தக் கொதிப்பு என்பதை நாங்கள் அன்றுதான் தெரிந்துகொண்டோம். ஈயப் புகையும் தூசியும் உடம்பில் சேர்ந்தால் ரத்தக் குழாய் இறுகும், கிட்னி கெடும், கை நரம்பு தளரும், பிரஷர் ஏறும், எரிச்சலும் தூக்கமின்மையும்கூட அதனால் வரலாம் என்று டாக்டர் விளக்கினார். "ஈயம் சேந்த ஒடம்புல மனக்கவலையும் சேந்தா இன்னும் மோசமாகும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கை கொடுத்துக்கும். நாளையிலேர்ந்து அங்க போகாதீங்க" என்றார். என் ரத்தத்தையும் மகளின் ரத்தத்தையும் பின்னர் எடுத்தார்கள். அதன் முடிவு இன்னும் வரவில்லை.

அதன் பிறகு என் கணவர் ராமமூர்த்தியிடம் போய் வேலையை விடுவதாகச் சொல்லி, ஷெட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ரத்தம் பார்க்கும்படி கேட்டார். அதற்கு ராமமூர்த்தி, "உன்து டென்ஷன் ஒடம்புடா. இத வெளியில பேசி ஷெட்ட மூட வச்சின்னா, இங்க இருக்கறவன் எல்லாம் உன் வாசல்லதான் வந்து நிப்பான்" என்றதாக என் கணவர் என்னிடம் சொன்னார். அன்று முதல் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு பைக் வந்து நின்றது. அதில் இருந்தவர் யாரிடமும் பேசமாட்டார். சௌம்யா ஸ்கூலுக்குக் கிளம்பினால் மெதுவாகப் பின்னால் போவார், அவள் உள்ளே போனதும் திரும்பி வந்து நிற்பார். என் கணவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. இப்போது மாத்திரை தவறாமல் போட்டார், ஆனாலும் பிரஷர் இறங்கவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று நான் கூப்பிட்டேன். தம்பி அங்கே வேலை செய்கிறான் என்று தடுத்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் அந்த ஆள் சௌம்யாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். என் கணவர் வாசலுக்கு ஓடினார். கதவு நிலையைப் பிடித்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் பிறகு கண் திறக்கவில்லை.

சாவுக்கு ராமமூர்த்தி பெரிய மாலையுடன் வந்து, "டென்ஷன்லயே போய்ட்டான் பாவம்" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். டென்ஷன் இருந்ததா என்று என்னைக் கேட்டால், இருந்தது என்றுதான் சொல்வேன். அதைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தியது ராமமூர்த்தி. அதைத் தாங்க முடியாத அளவுக்கு ஈயத்தை என் கணவரின் உடம்பில் ஏற்றியது அவருடைய ஷெட். அந்த வார்த்தையை மட்டும் எழுதி இதை முடித்தால் ஷெட் நடந்துகொண்டே இருக்கும்.

முத்துக்குமாரும் டென்ஷன் என்றே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். அண்ணன் நின்ற உலையில் இப்போது அவர்தான் நிற்கிறார். அவர் மேல் எனக்கு ஆத்திரம் உண்டு, ஆனால் பயம் அதைவிட அதிகம். டாக்டரிடம் வா என்று எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தேன். "எனுக்கு இன்னா அண்ணி, நான் டென்ஷனே ஆக மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். ஷெட்டை உடனே மூடவும், அவருடைய ரத்தத்தைப் பரிசோதிக்கவும் உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாருடைய பயமுறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ந. பூரணி

மேலும் நான் கூறுவதாவது: சாட்சிக் கையெழுத்துக்காக, வெளியே நின்றிருந்த முத்துக்குமார் உள்ளே அழைக்கப்பட்டார். அவர் பி.காம். படித்தவர். பேனாவை வாங்கியதும் மணிக்கட்டு மடங்கித் தொங்கியது, பேனா கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தும் மறுபடி விழுந்தது. "ஒண்ணும் இல்ல சார், கொஞ்சம் டென்ஷன்" என்றார். இதையும் எழுதச் சொன்னேன். எழுதப்பட்டது.

சாட்சி: முத்துக்குமார், இடது கைப் பெருவிரல் ரேகை.